மார்லாவின் ஆடு

எங்கள் தெருவில் குளிர்காலம் வந்துவிட்டதை நான் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொண்டதே இல்லை. விடிந்ததும் எதிர்வீட்டு வாசலிலிருந்து கரக் கரக் என்று சத்தம் வரும். மார்லா தன் காரின் முன்கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிறாள் என்று அர்த்தம். இருபது குளிர்காலத்துக்கு மேல் அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்திருக்கிறேன். அவள் நிற்கிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஹீட்டர் போட்ட கராஜ் இருந்தது. அதற்குள் ஓடாத கார் ஒன்று கதகதப்பாகக் கிடந்தது. ஓடுகிற கார் வெளியே பனியில் நின்றது. அந்த வீட்டு நியாயம் அப்படி.

உள்ளே கிடந்ததும் மார்லாவின் கார்தான். நாளாக ஆக அதை எல்லோரும் மறந்துபோனார்கள்.

என் பெயர் ட்ரூடி. நானும் மார்லாவும் இங்கே மிஷிகனில், ஸ்பார்க் ப்ளக் செய்கிற தொழிற்சாலையில், ஒரே வரிசையில் சிமென்ட் தரைமேல் நின்று கிழவிகளானவர்கள். அவளைப் பற்றி அவள் வீட்டுக்காரனைவிட எனக்கு அதிகம் தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தெரிந்து என்ன கிழித்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிற நாட்களும் உண்டு.

பத்தொன்பது வயதில், வேலைக்குச் சேர்ந்த வருடமே, மார்லா அறுபத்தொன்பதாம் மாடல் போன்டியாக் ஜிடிஓ ஒன்று வாங்கினாள். பெரிய இன்ஜின், நாலு கியர், இடது காலால் க்ளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றுகிற வண்டி. அந்த மாடலை ஊரில் எல்லோரும் ‘ஆடு’ என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை விடுவார்கள். கடையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பழுப்பு நிறம். வேகவைத்த ஈரல் நிறம் என்று மார்லா முகத்தைச் சுளித்தாள். வாங்கிய கையோடு அவளும் அவள் அண்ணனும் அப்பா வீட்டுப் பின்புறத்தில் நிறுத்தி அதற்கு மஞ்சள் அடித்தார்கள். நல்ல முட்டைக்கரு மஞ்சள். அங்கங்கே பெயிண்ட் ஒழுகிக் காய்ந்திருந்தது. பார்த்தால் கண் கூசும்.

ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஒரு நேரான சாலை உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊர்ப் பையன்கள் எல்லாம் அங்கே சிக்னலுக்கு சிக்னல் பந்தயம் விடுவார்கள். மார்லா பக்கத்தில் வந்து நின்றால் சிரிப்பார்கள். விளக்கு பச்சையானதும் சிரிப்பு நின்றுவிடும். இன்ஜின் எல்லாருக்கும் ஒன்றுதான், இவளுடைய இடது கால் மாதிரி இன்னொரு கால் அந்த ஊரில் இல்லை. அப்படித் தோற்றவர்களில் டெல்மரும் ஒருத்தன். ஹாம்பர்கர் கடை வாசலில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தேடிக்கொண்டு வந்தான்.

“உன் வண்டில என்னத்தப் போட்டு வச்சிருக்க?”

“கால்தான் வச்சிருக்கேன். நீயும் ஒன்னு வச்சுப் பாரு,” என்றாள் மார்லா, வாயில் பர்கரோடு.

அவனும் சிரித்துவிட்டான். டெல்மர் முதலில் காதலித்தது வண்டியின் பின்விளக்கைத்தான், அதை மட்டும்தானே அவன் பார்த்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். கல்யாணம் நடந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஆட்டில் குடும்பம் நடத்த முடியவில்லை, நீளமான குடும்ப வண்டி ஒன்று வாங்கினார்கள். ஆடு கராஜுக்குள் நாலு மரக்கட்டை மேல் ஏறியது. கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அதன்மேல் கிறிஸ்துமஸ் சாமான் பெட்டிகள் ஏறின, பிள்ளைகளின் பழைய சைக்கிள்கள் ஏறின. மார்லா வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், மறுபடி போவாள். எப்போதாவது கராஜில் எதையாவது எடுக்கப் போனால் ஒரு பெட்டியைத் தூக்கி, அடியில் தெரிகிற மஞ்சளைப் பார்த்துவிட்டு வருவாள்.

டெல்மர் வேலை பார்த்த தகடு அடிக்கும் ஆலையை மூடினார்கள். அவனுக்குச் சீக்கிரமே ஓய்வு கிடைத்தது, கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மார்லாவின் நாற்பத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. கராஜ் கதவில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தான்.

“உன் ஆட்ட உனக்கே புதுசாக்கித் தரேன் மார்லா. அடுத்த கோடைக்கு நீ ஓட்டுவ,” என்றான்.

மார்லா அழுதாள். கேக்குத் தட்டோடு நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு அவன் பொய் சொல்லவில்லை. முழுசாக நம்பித்தான் சொன்னான், அதனால்தான் அவனை இன்றுவரை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

பிரிப்பது சுலபமான வேலை. ஒரு வாரக் கடைசியில் பிரித்துப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஆடு வீடு முழுக்கப் பரவியது. இன்ஜின் துணி துவைக்கிற அறையில் உட்கார்ந்தது. கதவுகள் பெரியவள் காலி செய்துவிட்டுப் போன படுக்கையறைக் கட்டிலில் படுத்தன. திருகாணிகள் பிளாஸ்டிக் பைகளில் சமையலறை அலமாரிக்கு வந்தன, மாவு டப்பா மேல் ஏறின. பெயிண்ட் அடித்த சின்னச் சின்னச் சாமான்களை அவன் மார்லாவின் கேக் சுடுகிற அடுப்பில் வைத்துச் சூடுகாட்டுவான். ஒரு வருடம் நன்றித் திருநாளுக்குச் செய்த வான்கோழியில் டர்பன்டைன் வாடை அடித்தது. மருமகன் ஒரு வாய் வைத்துவிட்டு நல்லா இருக்கு என்றான் பாவம்.

அடுத்த கோடை வந்தது, போனது. எப்போது என்று மார்லா கேட்டால் வசந்தத்துக்கு என்பான். வசந்தத்தில் கேட்டால் இலை உதிர்வதற்குள் என்பான். சோம்பேறி என்று சொல்ல முடியாது, தினமும் உள்ளேதான் கிடப்பான். தப்பு எங்கே நடந்தது என்றால், அவனுக்கு ஆர்லோ என்கிற சிநேகிதன் வாய்த்ததில்தான். ஆர்லோ பழைய வண்டிக் கண்காட்சிகளில் நடுவர்களுக்குப் பின்னால் நடந்து நடந்து நடுவரைவிட மோசமாகிப் போனவன். வண்டி தொழிற்சாலையை விட்டு எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், திருகாணித் தலையில் இருக்கிற முத்திரை முதற்கொண்டு. அதுதான் ‘சரி’. மற்றதெல்லாம் தப்பு.

டெல்மர் ஒரு பொருளைத் தேடிப் பிடித்து, துடைத்து, மாட்டி முடிப்பான். ஆர்லோ வந்து டார்ச் அடித்துப் பார்ப்பான்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எழுபதாம் மாடல்ல வந்தது டெல்மர்.”

அவ்வளவுதான். கழற்றுவான், மறுபடி தேடுவான். பழைய சாமான் சந்தை எந்த ஊரில் நடந்தாலும் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். ஒரே ஒரு திருகாணிக்காகக் குளிர்காலம் குளிர்காலமாக அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். கிடைத்த அன்று டெல்மர் அதை எனக்குக் கொண்டுவந்து காட்டினான், பேரப்பிள்ளை படம் காட்டுகிற முகத்தோடு.

மார்லா கேட்பதை நிறுத்தினாள். அப்புறம் கராஜுக்குள் போவதையே நிறுத்தினாள். காலையில் சுரண்டுவாள், ஆலைக்குப் போவாள், சிமென்ட் தரையில் நிற்பாள், சாயங்காலம் இடது முட்டியில் ஐஸ் பை வைத்துக்கொண்டு டிவி பார்ப்பாள். ஆலையும் மூடியது. அவள் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் போய் நின்றாள். அங்கேயும் அதே சிமென்ட் தரை. கடைசியில் முட்டியை அறுத்து உலோகம் வைத்தார்கள். டெல்மர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான், சூப் வைத்துக் கொடுத்தான், கழிவறைக்குக் கைப்பிடி பொருத்தினான். ஆனால் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அவன் புரட்டிக்கொண்டிருந்தது பழைய வண்டிச் சாமான் விளம்பரப் புத்தகம்.

“என்ன கேட்டாடி அந்த டாக்டர்?” என்று மார்லாவிடம் கேட்டேன்.

“மாடிப்படி இருக்கா, நாய் இருக்கா, வழுக்கற தரையான்னு கேட்டா. புருஷன் இருக்கானான்னு கேக்கல,” என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சோர்ந்து போயிருந்தாள். வலியை எல்லாம் தாங்கிக்கொண்டவள், காத்திருந்ததில்தான் தேய்ந்து போனாள்.

ஒரு ஆகஸ்ட் மாதம் வண்டி முடிந்தது. பெயிண்ட் வேலையை ஆர்லோவின் கொட்டகையில் வைத்து ரகசியமாக முடித்திருந்தார்கள். டிரெய்லரில் போர்வை மூடி வந்து இறங்கியது. வாசலில் மடக்கு நாற்காலிகள், உருளைக்கிழங்கு சாலட், தெருவில் பாதிப்பேர். மார்லா தலை வாரி, உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளை அப்படிப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. டெல்மர் போர்வையை உருவினான்.

பழுப்பு.

பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல, அசல் ஈரல் பழுப்பு.

“என் வண்டி மஞ்சள், டெல்மர்,” என்றாள் மார்லா.

“அது நீங்களா மேல அடிச்சது. இதான் கம்பெனி கலர். உள்ள தகட்டுல அடிச்சிருக்கிற நம்பர் இதத்தான் சொல்லுது. அந்த மஞ்சளச் சுரண்டவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு தெரியுமா?”

அவன் குரலில் துளி கள்ளம் இல்லை. அவளுக்கு அவன் கொடுக்க நினைத்தது உலகத்திலேயே சரியான ஒரு வண்டி. அது அவளுடைய வண்டியாகவும் இருக்க வேண்டும் என்பது அந்த மண்டைக்குள் நுழையவே இல்லை.

மார்லா கொஞ்ச நேரம் அதைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். “சாவி.”

“முதல்ல ஷோவுக்குப் போயிட்டு வந்துடட்டும். ரோட்டுல கல்லு கில்லு தெறிச்சா...”

கண்காட்சிக்கு நானும் போனேன். ஆடு டிரெய்லரில் போய், டிரெய்லரில் வந்தது. சக்கரம் புல்லில் மட்டும்தான் உருண்டது. வண்டிக்கு அடியில் கண்ணாடி வைத்திருந்தார்கள், வயிற்றையும் பார்ப்பதற்கு. நாள் பூராவும் வெயிலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். முட்டி மரத்துப்போய் எழுந்த மார்லா கதவில் லேசாகச் சாய்ந்தாள். தொப்பி போட்ட ஒரு ஆள் ஓடிவந்தான்.

“அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க பெல்ட்டு பட்டா கீறிடும். ஓனர் பாத்தா மனசு கஷ்டப்படுவாரு.”

வண்டியின் பத்திரம் அன்றுவரைக்கும் மார்லா பெயரில்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். மார்லா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுத் தள்ளி நின்றாள். ஆட்டுக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தது அவள்தான்.

அடுத்த வாரம், டெல்மர் ஆர்லோ வீட்டுக்குப் போயிருந்த நேரம், மார்லா என்னைக் கூப்பிட்டாள்.

“வாடி ட்ரூடி. ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

கையில் சாவி. நான் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். உட்கார்ந்தோம். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள், கியர்க் குமிழைத் தடவினாள், இடது காலைத் தூக்கி க்ளட்ச் மேல் வைத்தாள். மிதித்தாள். பாதிதான் இறங்கியது. மறுபடி மிதித்தாள். பிறகு இரண்டு கையையும் தொடைமேல் வைத்து அழுத்தினாள். கால் வெடவெடவென்று நடுங்கியது. நெற்றியில் வேர்த்தது.

“இறங்கல,” என்றாள்.

“வயசாச்சுடி. எனக்கும்தான் ஜாடி மூடி தொறக்க வரல,” என்று ஏதோ உளறினேன்.

“வயசெல்லாம் இல்ல. முதல் வருஷமே குடுத்திருந்தான்னா ஓட்டியிருப்பேன். பத்து வருஷம் முன்னாடி குடுத்திருந்தாக்கூட ஓட்டியிருப்பேன். அவன் ஆணி தேடிட்டிருந்தான், என் கால் போயிடுச்சு.”

சாவியைத் துளையில் போடக்கூட இல்லை. ஆடு பேசாமல் நின்றது. மார்லா அழுதாள், நானும் அழுதேன். பிறகு அவள் இறங்கி, தன் கைரேகை பட்ட இடத்தை எல்லாம் சட்டை நுனியால் துடைத்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. டெல்மர் வரும்வரை அவர்கள் வாசலிலேயே நின்றேன்.

“என்ன ட்ரூடி, மூஞ்சியே சரியில்ல?”

“உன் பொண்டாட்டியால க்ளட்ச மிதிக்க முடியல.”

“ஏன்? எல்லாம் புதுசாச்சே. கம்பெனி ஸ்பிரிங்கு, கம்பெனி ராடு...”

“வண்டிக்கு ஒன்னுமில்ல, டெல்மர். முட்டிக்கு.”

அவன் நின்றான். “எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“அந்த முட்டிய அறுத்தப்ப பக்கத்துல யாரு உக்காந்திருந்தா? நானா?”

இன்னும் நிறையச் சொன்னேன். தெருவே கேட்டது. சில நாட்கள் கராஜில் விளக்கு எரிந்தது, ஆனால் சத்தம் இல்லை. ஒருதரம் எட்டிப் பார்த்தேன். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து க்ளட்சைக் கையால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் கடைசியில் ஆர்லோவின் கத்தல் என் சமையலறைவரை கேட்டது.

“உனக்கென்ன பைத்தியமா? நடுச்சுவர்ல ஓட்டை போட்டா போட்டதுதான். ஜட்ஜுங்க முதல்ல டார்ச் அடிக்கிற எடமே அதான்! ஒரு பயலும் உன் வண்டியத் திரும்பிப் பாக்க மாட்டான்!”

எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற க்ளட்ச் ஒன்று இருக்கிறதாம். பாதி பலத்தில் மிதித்தால் போதும். அதைப் பொருத்த, இன்ஜினுக்கும் நாம் உட்காருகிற இடத்துக்கும் நடுவிலிருக்கிற தகட்டுச் சுவரைத் துளைக்க வேண்டும்.

“ஆர்லோ, ஒன்னு லைட்டப் புடி. இல்லன்னா வீட்டுக்குப் போ,” என்றான் டெல்மர்.

ஆர்லோ லைட்டைப் பிடித்தான். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ட்ரில் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நானும் மார்லாவும் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

“என்னடி பண்றான்?”

சொன்னேன்.

“இப்பவா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், காபியைக் குடித்து முடித்தாள்.

முதல் துளை ஒரு விரற்கடை தள்ளிப் போய்விட்டது. இன்னொன்று போட்டான். தப்பாகப் போனதை ரப்பர் மூடியால் அடைத்தான். ஒரு திருகாணி முத்திரைக்காக ஊர் ஊராக அலைந்தவன், அந்த ரப்பர் மூடியைத் தெருமுனைக் கடையில் போய் வாங்கி வந்தான்.

எல்லாம் முடிய நவம்பர் ஆகிவிட்டது. சாலையில் உப்பு தூவுகிற லாரி ஒருதரம் வந்து போயிருந்தது. டெல்மர் சாவியை நீட்டினான், மார்லா வாங்கிக்கொண்டாள். நன்றி என்று சொல்லவில்லை, சொல்வாள் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை. முன்சீட்டில் நான் உட்கார்ந்தேன். டெல்மர் பின்னால், கழுத்தை மடக்கிக்கொண்டு.

மார்லா மிதித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதித்தாள், ஆனால் இறங்கியது.

“மழை வர மாதிரி...” என்று ஆரம்பித்த டெல்மர் வாயை மூடிக்கொண்டான்.

ரயில்வே கேட்டைத் தாண்டி அந்த நேரான சாலைக்குப் போனோம். எங்கள் ஆலை இருந்த இடத்தில் வேலியும் புல்லும்தான் இருந்தன. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற டிரக்கிலிருந்து ஒருத்தன் சிரித்துக்கொண்டே இன்ஜினை உறுமவிட்டான். நான் மார்லாவைப் பார்த்தேன். பச்சை விழுந்தது. அவன் பறந்தான். இவள் மெதுவாக எடுத்தாள்.

“போகட்டும்,” என்றாள். “கை ஒன்னும் மறக்கலடி. கால்தான்.” இரண்டாவது கியர் போட்டபோது அவள் முகம் ஒரு நொடி பத்தொன்பது வயசுக்குப் போய்விட்டு வந்தது. மூன்றாவதில் வலித்தது, உதட்டைக் கடித்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, டெல்மரின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

வருகிற வழியில் கடையில் நிறுத்தி உருளைக்கிழங்கு, பால், வாசலில் பனி உருகத் தூவுகிற உப்பு மூட்டை ஒன்று வாங்கினாள்.

“உப்பா?” என்றான் டெல்மர். ஆட்டின் டிக்கியில் உப்பு! அவன் குரலே மாறிவிட்டது.

“தூக்கி வை. எனக்கு முட்டி வலிக்குது,” என்றாள்.

தூக்கி வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்டை வாசலில் நிறுத்தினாள். தினம் ஓட்டுகிற தன் காரை எடுத்து, காலியாயிருந்த கராஜுக்குள் விட்டு, கதவை இறக்கினாள்.

“வெளியவா நிக்கப் போவுது?” டெல்மர் ஆட்டையும் வானத்தையும் பார்த்தான். “ராத்திரி பனி உறையும் மார்லா.”

“தெரியும். எனக்குத் தெரியாதா,” என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் கரக் கரக் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். பழக்கதோஷத்தில் மார்லா என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் டெல்மர். குளியல் அங்கி மேல் கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி. முதலில் வாயால் ஊதி ஊதித் துணியால் ஒற்றிப் பார்த்திருக்கிறான், ஆட்டின் கண்ணாடியில் உறைந்த பனி அசையவில்லை. மார்லாவின் பழைய சுரண்டியை எடுத்துக்கொண்டு, கீறல் விழுந்துவிடுமோ என்று ஓரத்திலிருந்து மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தான். விரல்கள் சிவந்துபோயிருந்தன. நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

“இதுக்கு இவ்ளோ நேரமா ஆகும், ட்ரூடி?” என்று கேட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

அதற்குள் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து நின்ற மார்லா சொன்னாள்.

“ஆகும்.”